குதிரை நொண்டுகிறது, காரணம் தெரியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை பிறந்துவிட்டால் டர்பனில் குதிரையைப் பற்றிக் கருத்துச் சொல்லாத தமிழ் வீடு அரிது. கிரேவில் மைதானத்தில் 1897இல் தொடங்கிய பந்தயத்தின் மகிமை அது. ஓடி முடித்த குதிரைகள் பிறகு எங்கே போகின்றன என்பதில்தான் யாருக்கும் கருத்துக் கிடையாது. அவற்றில் சில, ஷாங்வேனி, கேட்டோ ரிட்ஜ், டோங்காட் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் நம்மவர் கைக்கு வந்து சேர்கின்றன. என்னிடம் இதுவரை ஆறு வந்திருக்கின்றன. ஆறும் ஏதோ ஒரு காலையில் நொண்டியிருக்கின்றன.

என் அப்பா சம்மர்வெல்ட் பயிற்சி நிலையத்தில் லாயக்காரராக இருந்தவர். அந்த உரிமையில் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள். கேட்டவற்றையும் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்ல. மருத்துவரை எப்போது அழைப்பது, அவர் வரும்வரை எதைச் செய்யாமல் இருப்பது, அவர் போனபின் எப்படி முடிவெடுப்பது என்பதோடு என் எல்லை முடிகிறது.

நேற்று மாலை நன்றாக இருந்தது. இன்று காலை ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

நடக்க வைக்காதீர்கள். "கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். நின்ற இடத்திலேயே புல்லும் தண்ணீரும் வைத்து, தலைக்கயிற்றை ஒருவர் பிடித்துக்கொள்ள, மேலிருந்து கீழாகக் காலைத் தடவிப் பாருங்கள். வீக்கம், சூடு, காயம், எலும்பு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லாமை ஆகியவற்றைத் தேட வேண்டும். எதிர்க்காலையும் உடனே தடவிப் பாருங்கள். ஒப்பிடாமல் கை எதையும் சொல்லாது. பிறகு குளம்பைத் தூக்கி, மண்ணைச் சுரண்டி, அடியைப் பாருங்கள். இவ்வளவும் பத்து நிமிட வேலை.

அடுத்து வெப்பமானியை எடுங்கள். ஓய்வில் நிற்கும் குதிரையின் வெப்பம் 38.5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. வலி கடுமையாக இருந்தால் நாடி அறுபதைத் தாண்டும். "ஐயா, குதிரை ரொம்பக் கஷ்டப்படுகிறது" என்பதைவிட "வலது முன்கால், ஊன்றவில்லை, காயம் இல்லை, வெப்பம் 38, நாடி 56" என்று போனில் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

எலும்பு முறிந்ததுபோல் நொண்டும் குதிரைகளில் பலவற்றுக்குக் கடைசியில் குளம்புக்குள் சீழ் என்றுதான் தெரியவரும். அது நல்ல செய்தி. ஆனால் அது சீழ்தான் என்று நீங்களும் நானும் லாயத்து வாசலில் நின்று முடிவுசெய்யக் கூடாது. ஊன்றாத கால், மூட்டுக்கு அருகே காயம், குளம்பில் ஏறிய ஆணி, காய்ச்சலோடு வரும் நொண்டல், இரண்டு முன்கால்களையும் நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்பது: இந்த ஐந்துக்கும் நாளை என்ற பேச்சே இல்லை. மூட்டுக்குள் கிருமி புகுந்துவிட்டால் மணிக்கணக்கு முக்கியம். தோலில் சுண்டுவிரல் அகலக் காயம்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்து மஞ்சள் பூசிவிட்டுத் தூங்கப் போனவர்கள் உண்டு.

குளம்பில் ஆணி ஏறியிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

முடிந்தவரை வேண்டாம். குளம்பின் அடியில் நடுவே முக்கோண வடிவில் மெத்தைபோல் ஒரு பகுதி இருக்கிறது அல்லவா? அதிலோ அதன் இருபக்கப் பள்ளங்களிலோ ஆணி ஏறியிருந்தால், உள்ளே தசைநாணையும் அதை அடுத்த நீர்ப்பையையும் தொட்டிருக்கலாம். ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால் அது எதுவரை போயிருக்கிறது என்று மருத்துவருக்குத் தெரியும். பிடுங்கிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும், வழி மறைந்துவிடும். குதிரை காலை ஊன்றி ஆணியை இன்னும் ஆழமாக ஏற்றிவிடும் நிலை இருந்தால், ஆணியின் இருபுறமும் கட்டைத் துண்டு வைத்துக் கட்டலாம். அதுவும் முடியாதென்றால் போனில் புகைப்படம் எடுத்து, இடத்தை மையால் குறித்து, எவ்வளவு நீளம் உள்ளே போயிருந்தது என்று பார்த்துவைத்துவிட்டு எடுங்கள். ஆணியை வீசிவிட வேண்டாம். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போடப்பட்டது என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார்.

மருத்துவர் வரும்வரை வலி மருந்து கொடுக்கலாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கேட்பதற்குள் பலர் கொடுத்தும் முடித்திருப்பார்கள். குதிரை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் பியூட் பொட்டலம் ஒன்று இருக்கும். பினைல்பியூட்டசோன் என்ற முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை.

முத்து என்று ஒரு பழுப்புக் குதிரை என்னிடம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இடது முன்காலை லேசாகத் தாங்கி நடந்தது. பார்க்கப் பொறுக்காமல் இரண்டு வேளை பியூட் கொடுத்தேன். சனிக்கிழமை மருத்துவர் அறுபது கிலோமீட்டர் ஓட்டி வந்தார். முத்து கல்யாண ஊர்வலத்துக் குதிரைபோல் நடந்து காட்டியது. அவர் காலை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. பணத்தைக் கொடுத்து அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை மறுபடி நொண்டியது. மறுபடி அறுபது கிலோமீட்டர், மறுபடி பணம்.

குதிரைக்கு வாய் கிடையாது. நொண்டல்தான் நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி. விசாரணைக்கு முன்பே சாட்சியின் வாயை அடைத்துவிட்டால் யாரைக் கேட்பது? நொண்டல் லேசாக இருந்து, மருத்துவர் நாளை வருவதாக இருந்தால் எதுவும் கொடுக்காமல் கட்டிவையுங்கள். வலி கடுமையாக இருந்தால் போனில் அவரையே கேளுங்கள். கொடுக்கச் சொன்னால் அவர் சொன்ன அளவைக் கொடுத்து, நேரத்தையும் எழுதிவையுங்கள்.

காசு வீணாவதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கும் குதிரை வலியினால்தான் காலைக் காப்பாற்றிக்கொள்கிறது. வலியை எடுத்துவிட்டால் அது துள்ளும், விரிசல் முறிவாகும். தவிரவும் பியூட்டை நாள்கணக்கில் கொடுத்தால் வயிற்றுப் புண், பெருங்குடல் அழற்சி, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம். தண்ணீர் குடிக்காத குதிரைக்கு அபாயம் இன்னும் அதிகம். அதோடு வேறொரு வலி மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது இரட்டைப் பலன் தராது, இரட்டைக் கேடு தரும். ஊசியாக இருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம்: இரத்தக் குழாய்க்கு வெளியே சிந்தினால் கழுத்துச் சதை அழுகிவிடும். பக்கத்துப் பண்ணைக்காரர் நல்லெண்ணத்தில் கொடுத்த ஊசியால் அப்படி ஆன கழுத்தை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கால் என்றே எனக்குத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கெட்டியான சமதரையில், தலைக்கயிற்றைத் தளர்வாக விட்டு, ஒருவர் மெல்லோட்டமாக ஓட்டி வரட்டும். முன்கால் வலியென்றால் தலையைப் பாருங்கள். வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் தொடும்போது தாழும். பின்கால் வலியென்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கும் பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். கண்ணால் பிடிபடாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு குளம்போசையைக் கேளுங்கள். அப்பா அப்படித்தான் செய்வார். தார்ச்சாலையில் ஓர் அடி மட்டும் ஓசை குறைந்து விழுவது காதுக்குச் சீக்கிரம் கேட்கும்.

போனில் வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவர் வரும் நேரம் பார்த்து நொண்டாமல் இருப்பது குதிரைகளின் குணம்.

கண்டுபிடிக்க முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். நொண்டலை 0 முதல் 5 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். 1 என்றால் கண்ணில் பட்டும் படாமலும், 5 என்றால் ஊன்றவே முடியாமை. அந்த 1, 2 நிலைகளில் பழுத்த மருத்துவர்களே ஒருவருக்கொருவர் வேறு வேறு காலைக் காட்டுவதுண்டு.

மழை பெய்திருந்தது. சறுக்கியிருக்கும் என்று விட்டுவிடலாமா?

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். உண்மையில் அந்தச் சாக்கைச் சொல்வது குதிரை அல்ல, குதிரைக்காரன். நொண்டல் லேசானது, வீக்கமில்லை, நன்றாகத் தின்கிறது என்றால் இரண்டு மூன்று நாள் லாயத்தில் நிறுத்திப் பார்க்கலாம், அதில் தவறில்லை. ஆனால் எந்தத் தேதிவரை என்று இன்றே சுவரில் எழுதிவையுங்கள். அந்தத் தேதிக்குள் சரியாகாவிட்டாலும், சரியாகித் திரும்ப வந்தாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். தேதி இல்லாத பொறுமைக்குச் சோம்பல் என்று பெயர்.

குளம்புச் சீழ் என்று சொல்லிவிட்டார். எத்தனை நாளில் குணமாகும்?

நம் க்வாசூலு-நாட்டால் மாகாணத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை சேறு. ஊறிய குளம்பில் சிறு கல்லோ முள்ளோ வழி ஏற்படுத்த, கிருமி உள்ளே போய் அடைபட்டுக்கொள்கிறது. குளம்பு விரியாது, அதனால்தான் அத்தனை வலி. மருத்துவரோ லாடம் அடிப்பவரோ சரியான இடத்தில் சின்னதாகத் திறந்துவிட்டால் கறுப்பாக, நாற்றத்தோடு வடியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் குதிரை காலை ஊன்றிவிடும். வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்புக் கரைத்து ஊறவைத்து, பஞ்சு வைத்து, குழந்தைகளுக்குப் போடும் நாப்பியைச் சுற்றி, மேலே அகல ஒட்டுநாடாவால் கட்டுங்கள். இந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சில சீழ் அடியில் வழி கிடைக்காமல் மேலேறி, மயிரும் குளம்பும் சேரும் விளிம்பில் உடைத்துக்கொண்டு வரும். வடிந்தபிறகும் நாலைந்து நாளில் தேறவில்லை, அல்லது அதே குளம்பில் மீண்டும் மீண்டும் வருகிறது என்றால் எக்ஸ்ரே கேளுங்கள். உள்ளிருக்கும் எலும்புவரை போயிருக்கலாம். நீங்களே கத்தியை எடுத்துக் குடைய வேண்டாம்.

லாடம் அடித்து மூன்று நாள்தான் ஆகிறது. அவரைக் குற்றம் சொல்லலாமா?

முதலில் அவரைக் கூப்பிடுங்கள், பிறகு குற்றம் சொல்வதைப் பற்றி யோசிக்கலாம். ஆணி ஒன்று உயிருள்ள பகுதிக்கு நெருக்கமாக இறங்கியிருந்தால் இரண்டு மூன்று நாளில் இப்படி ஆகும். கை தேர்ந்தவருக்கும் நடக்கும். லாடத்தை எடுத்தாலே தேறிவிடும். கோபத்தில் அவரை விலக்கிவிட்டு மருத்துவரை மட்டும் அழைத்தால், கடைசியில் அவரும் லாடக்காரரைத்தான் கேட்பார்.

ஒரு வாரம் முன்கால், மறுவாரம் பின்கால் என்று மாறி மாறித் தாங்குகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. குதிரை நடிக்கிறதா?

குதிரை நடிக்காது. தீவனத் தொட்டியைப் போய்ப் பாருங்கள்.

நம் பக்கத்தில் மேய்ச்சல் என்றால் பெரும்பாலும் கிக்கூயு புல். கென்யாவின் கிக்கூயு மக்கள் வாழும் மேட்டு நிலத்திலிருந்து வந்த புல். இங்கே புல்வெளி, பள்ளி மைதானம், மேய்ச்சல் எல்லாம் அதுதான். மாட்டுக்கு நல்லது. குதிரைக்கு ஒரு சங்கடம்: அதில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. அது குடலில் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் போகவிடாது. மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை.

இதன்மேல் நம் கைங்கரியம் தவிடு. கோதுமைத் தவிட்டைச் சுடுநீரில் பிசைந்து கொடுப்பது லாயக்காரர்களின் பழைய பழக்கம். என் அப்பாவும் ஞாயிறுதோறும் கொடுப்பார். வாரம் ஒரு நாள் கொடுத்தால் குடி முழுகாது. தினமும் கொடுத்தால் வேறு கதை. தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைப்போலச் சுமார் பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்கு வேண்டியதோ சுண்ணாம்புச் சத்துத் தூக்கலாக, ஒன்றரை இரண்டு பங்குக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் என்ற கணக்கில். புல் ஒருபக்கம் சுண்ணாம்பைப் பூட்டிவைக்க, தவிடு மறுபக்கம் பாஸ்பரஸைக் கொட்ட, உடல் என்ன செய்யும்? இரத்தத்தில் அளவு குறையக் கூடாது என்று எலும்பிலிருந்து கரைத்து எடுக்கும்.

எலும்பு இப்படிக் கரையும்போது தசைநாண் பற்றியிருக்கும் இடங்களும் மூட்டுகளும் வலிக்கும். இன்று இந்தக் கால், நாளை அந்தக் கால், அடி சுருங்கிய நடை, ஏற விடாமல் முறுக்கிக்கொள்ளும் முதுகு. முற்றினால் முகத்தின் இருபக்க எலும்புகளும் உப்பிவிடும். ஆங்கிலேயர் இதற்குப் 'பெருந்தலை' என்று பொருள்படப் பெயர் வைத்திருக்கிறார்கள். தவிட்டு நோய் என்றும் சொல்வதுண்டு. இரத்தப் பரிசோதனையில் சுண்ணாம்புச் சத்து சரியாகவே காட்டலாம், ஏனென்றால் சரியாக வைத்திருக்கத்தான் எலும்பையே உடல் செலவழிக்கிறது. கால் ஒன்றைக் காட்டாத நொண்டலுக்குத் தீவன விவரத்தை மருத்துவரிடம் எழுதிக்கொடுங்கள்: எந்தப் புல், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ தவிடு. அவர் சிறுநீர், இரத்தம், தீவனம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்.

தவிட்டை நிறுத்தி, லூசர்ன் என்ற குதிரைமசால் தீவனம் சேர்த்து, அவர் சொல்லும் அளவில் தீவனச் சுண்ணாம்புத் தூள் கொடுத்தால் பெரும்பாலும் தேறும், மாதக்கணக்கில் ஆகும். உப்பிய முகம் முழுதாக வடியாமலும் போகலாம். பெயின்ட் கடைச் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கலக்கியவர் ஒருவரை அறிவேன். தயவுசெய்து வேண்டாம்.

இரண்டு முன்கால்களையும் நீட்டி, பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது. இதுவும் தீவனத்தாலா?

பெரும்பாலும் ஆம். ஆனால் இது அவசரம். குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் அழன்று பிடி விடும் நோய் இது. விட்டால் எலும்பு சுழன்று அடியை நோக்கி இறங்கும். கணு மூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். சாதாரணமாக நாடி தேடித்தான் கிடைக்கும். இந்த நோயில் விரலைத் தட்டும். தீவன மூட்டையை உடைத்துத் தின்ற இரவுக்கு அடுத்த நாள், உரம் போட்ட பசும்புல்லில் கொழுத்த குட்டைக் குதிரை, பதினைந்து வயதைத் தாண்டி உரோமம் உதிராத கிழம்: இவர்களிடம் அதிகம் வரும். மருத்துவர் வரும்வரை நடத்தாதீர்கள், காலடியில் ஆழமாக மரத்தூள் பரப்புங்கள், குளம்பு முழுக்க மூழ்கும்படி ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். புல்வெளிக் கதவைப் பூட்டிவிடுங்கள்.

நொண்டுவதோடு காய்ச்சலும் இருக்கிறது. குதிரை நோயாக இருக்குமோ?

ஆப்பிரிக்கக் குதிரை நோய் கடிக்கும் சிறு பூச்சிகளால் பரவுவது. கோடையின் பிற்பகுதியில் தலைதூக்கி, முதல் உறைபனிவரை நீடிக்கும். டர்பன் கடற்கரையில் உறைபனி எங்கே விழுகிறது? அதனால் நமக்குப் பயம் நீளம். அது நொண்டலாக வருவதில்லை. காய்ச்சல், கண்ணுக்கு மேலுள்ள பள்ளம் உப்புவது, மூச்சுத் திணறல், மூக்கில் நுரை என்று வரும். ஆனால் காய்ச்சலில் இருக்கும் எந்தக் குதிரையும் விறைத்து நடக்கும். அதை நொண்டல் என்று நினைப்பது சுலபம். உண்ணிக் காய்ச்சலும் அப்படியே: ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருக்கும், தீவனத்தைத் தொடாது. எப்படியும் காய்ச்சல் உள்ள குதிரையை ஓட்டிப் பார்க்காதீர்கள். குதிரை நோய் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். அந்த வேலையை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இதைத் தேடும்போதே குளம்புக்கு மேலுள்ள பின்பள்ளத்தையும் விலக்கிப் பாருங்கள். உண்ணி கடித்துப் புண்ணாகி, அதனாலேயே காலைத் தாங்கும் குதிரைகள் உண்டு.

காலை மரக்கவைக்கும் ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். எக்ஸ்ரே எடுத்தாலே போதாதா?

எங்கே எடுப்பது? தோளிலிருந்து குளம்புவரை எடுத்துக்கொண்டே போனால் பணம்தான் கரையும். பத்து வயதான பந்தயக் குதிரையின் எந்த மூட்டைப் படமெடுத்தாலும் ஏதோ ஒரு தேய்மானம் தெரியும். அது இன்றைய வலிக்குக் காரணமா, பல வருடமாக அங்கே சும்மா இருப்பதா என்று படம் சொல்லாது. ஊசிதான் சொல்லும்.

செய்முறை எளிது. குளம்புக்குச் சற்று மேலே நரம்பைச் சுற்றி மரமரப்பு மருந்தைச் செலுத்துவார். ஐந்து பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓட்டச் சொல்வார். நொண்டல் நின்றுவிட்டால் வலி அந்த இடத்துக்குக் கீழே. நிற்காவிட்டால் இன்னும் மேலே ஒரு ஊசி. இப்படிப் படிப்படியாக ஏறுவார். முன்கால் நொண்டலுக்கு முதல் சந்தேகம் எப்போதும் குளம்பின்மேல்தான். மருத்துவரின் மூன்றாவது வருகையில் முத்து முதல் ஊசியிலேயே பாதி, இரண்டாவதில் முழுவதும் தேறி ஓடியது. அதன்பிறகு எடுத்த இரண்டே படங்களில் விடை கிடைத்தது. நாங்கள் ஊகத்தில் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

எலும்பு விரிசல் சந்தேகம் இருந்தால் மருத்துவர் இந்த ஊசியைத் தவிர்ப்பார். காரணம் மேலே பியூட்டுக்குச் சொன்னதேதான். முழங்காலுக்குக் கீழே பின்புறம் தசைநாண் வாழைக்காய்போல் வளைந்து வீங்கியிருந்தால் எக்ஸ்ரேக்குப் பதில் அல்ட்ராசவுண்ட். நாண் கிழிந்திருந்தால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம்வரை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் காரணம் தெரியவில்லை. மேலே செலவழிப்பதா, விட்டுவிடுவதா?

இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை வரும். கணவர் ஒரு கணக்குச் சொல்வார், மகள் அழுவாள், பாட்டி இரண்டு பேரையும் திட்டுவார். மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த பரிசோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றேதானா? மூன்று மாத ஓய்வுதான் பதில் என்றால் பரிசோதனையை ஓய்வுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ஒரு முடிவு அறுவை, இன்னொரு முடிவு ஓய்வு என்று பிரிந்தால் அந்தப் பணம் வீணல்ல.

மயிரிழை விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல், பத்துப் பதினான்கு நாளில் தெரியவருவது சகஜம். அதனால் இரண்டு வாரம் கழித்து அதே படத்தை மறுபடி எடுப்பது முட்டாள்தனம் அல்ல. பெரிய குதிரை மருத்துவமனைகளில் கதிரியக்க மருந்து செலுத்தி எலும்பு முழுவதையும் பார்க்கும் வசதி உண்டு. குளம்புக்குள் இருக்கும் நாண்களையும் எலும்பையும் சேர்த்துக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ.க்கு நிகரில்லை. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவப் புலம் 1920இலிருந்து மருத்துவர்களை உருவாக்கும் இடம். உங்கள் மருத்துவரே அங்கே படித்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் டர்பனிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், வான் ரீனன் கணவாய் ஏறி, நொண்டும் குதிரையை வண்டியில் நிறுத்திக் கொண்டுபோக வேண்டும். பயணத்தில் அது நான்கு கால்களாலும் ஓயாமல் நிலைப்படுத்திக்கொண்டே நிற்கும். பயணத்தைத் தாங்குமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். படங்களை முன்கூட்டியே அனுப்பிக் கருத்துக் கேட்க முடியுமா என்றும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓய்வு என்று முடிவானால் எந்த ஓய்வு என்று கேளுங்கள். லாயத்துக்குள் அடைப்பதா, சிறு பட்டியா, கையில் பிடித்து நடத்துவதா? "ஓய்வு கொடுத்தோம்" என்று சொல்லி ஐந்து ஏக்கரில் மற்றக் குதிரைகளோடு விரட்டி விளையாட விட்டிருப்பார்கள்.

மனிதர் ஏறினால்தான் கோளாறு. கயிற்றில் ஓட்டினால் ஒன்றுமில்லை.

சேணம், முதுகு, பல் மூன்றையும் பாருங்கள். பிடிவாதம் என்று சாட்டையை எடுக்க வேண்டாம். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவர் குழுவினரும் சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்திருக்கிறார்கள்: காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலை வீசுவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது போன்றவை. எட்டு அல்லது அதற்குமேல் தெரிந்தால் தசையிலோ எலும்பிலோ வலி இருக்கும் வாய்ப்பு அதிகம். நாம் திமிர் என்று நினைத்ததில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மாமியார் திருஷ்டி என்கிறார். சித்தப்பா, சுழி சரியில்லாத குதிரையை வாங்கிவிட்டாய் என்கிறார்.

எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுங்கள், மாமியாருக்கு நிம்மதி. ஆனால் பழத்தை லாயத்து வாசலில் நசுக்க வேண்டாம், கற்பூரத்தை வைக்கோல் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். சுழி பார்ப்பவர்களைப் பற்றிச் சொல்வதென்றால், நெற்றியில் ராஜசுழி இருந்த என் குதிரைதான் ஆறிலும் அதிகம் நொண்டியது.

வாங்கியபோது நன்றாக ஓடியது. பத்தே நாளில் நொண்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

மாணிக்கவாசகருக்காக ஈசன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்த கதை நமக்குத் தெரியும். பாண்டியன் தட்டிப் பார்த்து லாயத்தில் கட்டினான். இரவோடு இரவாகப் பரியெல்லாம் நரியாயின. இன்றைக்கு அந்த லீலையைச் செய்ய நாலு பொட்டலம் பியூட் போதும். விற்பவர் எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. இடம் மாறியது, தரை மாறியது, லாடம் கழன்றது என்றும் காரணம் இருக்கலாம். ஆனால் வாங்குமுன் உங்கள் சொந்த மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்கும் அன்றே, குதிரையின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்தாம் நாள் நரியானால் அதைச் சோதனைக்கு அனுப்பலாம். "இரத்தம் எடுக்க வேண்டாம்" என்று விற்பவர் தடுத்தால் விடை அப்போதே கிடைத்துவிட்டது.

எப்போது போதும் என்று சொல்வது?

படுத்தால் எழ முடியவில்லை, தீவனத்துக்கு நடந்துவர மறுக்கிறது, மருந்தை நிறுத்தினால் நிற்க முடியவில்லை, மற்றக் குதிரைகள் நகர்ந்தாலும் தான் நகர்வதில்லை: இவை நிலைத்துவிட்டால் மருத்துவரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருப்பார். வயதான குதிரையைச் சவாரி இல்லாமல், மருத்துவர் கணக்கிட்ட சிறிய அளவு மருந்தில், மேய்ச்சலில் நிம்மதியாக வைத்திருப்பதும் ஒரு வழி. முத்து நான்கு வருடம் அப்படி இருந்தது. பார்த்துக்கொள்ள முடியாதவரிடம் "நல்ல வீடு" என்று சொல்லித் தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம். அந்த நல்ல வீடு பல நேரம் இன்னொரு பொட்டலத்தோடு இன்னொருவருக்கு விற்றுவிடும்.

ஊசி போட்டு உயிரை முடித்த குதிரையின் உடலில் அந்த மருந்து தங்கியிருக்கும். நாய், நரி தின்றால் அவையும் சாகும். டிராகன்ஸ்பெர்க் மலைப்பக்கம் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு உணவிடும் இடங்கள் உண்டு. அங்கே இந்த உடலைக் கொடுத்துவிடக் கூடாது. ஆழமாகப் புதைக்க வேண்டும், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, உள்ளூர் விதியைக் கேட்டுக்கொண்டு. பள்ளம் தோண்டும் இயந்திரக்காரரை முந்தின நாளே பேசிவைப்பது கல்நெஞ்சுபோலத் தோன்றும். ஜனவரி வெயிலில் அவருக்காக மறுநாள் மதியம்வரை காத்திருந்த ஒரு குடும்பம் வெருலம் பக்கம் இருக்கிறது. அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.